வலப்பக்க ஜன்னல்

விமானத்தில் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பதற்காக, பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளியில் நாங்கள் பதினொரு பேர் ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டோம். பதினொருவரில் ஒருவர்கூட விமானத்தின் உட்புறத்தைக் கண்டதில்லை. தெரியாத ஒன்றைப் பற்றித் தயக்கமில்லாமல் பேசுவது எங்கள் பாசனக் கமிட்டியின் வழக்கம்தான். ஆனால் அன்று அந்த வழக்கம் ஒரு மனிதரின் வீட்டுச் சோற்றில் கை வைத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த வருஷம் வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை ஏமாற்றிவிட்டது. முதல் போகத்தில் அறுத்ததில் பாதி பதராகப் போயிற்று. எங்கள் பகுதியில் இரண்டாம் போகம் என்பது வானத்தை மட்டும் நம்பிச் செய்கிற காரியமன்று. தெற்கே மலைத்தொடருக்குள் இருக்கும் அணையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தால்தான் நடவு. அணையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கப் போனவர்களுக்கு, இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்ற பதில் கிடைத்தது. நேரில் போய்ப் பார்க்கலாமென்றால் அணை காட்டுக்குள் இருந்தது. காட்டுக்குள் நுழைய அபேட்சை மனு கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். அதற்குப் பதினைந்து நாளாகும். நாற்றங்காலில் விதை விழவேண்டியதோ பத்து நாளுக்குள்.

மேலேயிருந்து பார்த்துவிடலாம் என்ற யோசனை கமிட்டியின் பிரசிடண்டுக்குத்தான் தோன்றியது. அவர் எனக்குத் தூரத்து மாமன் முறை. நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து கையை விட்டுப் போனது போக அவரிடம் மிஞ்சியிருந்ததே ஊரில் வேறு எவரிடமும் இல்லாத அளவு. கிணறு இரண்டு, இரண்டிலும் மோட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய வயல் பச்சையாகவே இருக்கும். வாய்க்காலே தேவைப்படாத ஒருவரைப் பாசனக் கமிட்டிக்குத் தலைவராக்கியது ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கூட்டம் என்று ஒன்று இருந்தால் நாற்காலி என்று ஒன்று இருக்கும்; நாற்காலி இருந்தால் அவர் இருப்பார்.

"கோயமுத்தூருல ஏறுனா அரை மணி நேரத்துல கொச்சி," என்றார். "ப்ளேனு நம்ம தலைக்கு மேலதான தெனமும் போகுது. சன்னலோரம் உக்காந்து எட்டிப் பாத்தா, அணை தட்டத்துல வெச்ச சோறாட்டத் தெரியும். அவன் சொன்னான் இவன் சொன்னான்னு எதுக்கு? கண்ணுல பாத்துப்போட்டு வந்து சொல்லீரலாம்."

முந்தின வருஷம் அவருடைய பொள்ளாச்சிச் சம்பந்தி விமானத்தில் சென்னைக்குப் போய் வந்திருந்தார். அதன் பிறகு அந்தச் சம்பந்தி எங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும், விமானத்தில் கொடுத்த மிட்டாயைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு எழுந்ததில்லை. அணையைப் பார்க்கும் திட்டம் அந்த மிட்டாயிலிருந்துதான் பிறந்தது என்பது கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் கமிட்டியின் காரியதரிசி. கோயம்புத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு, உத்தியோகம் தேடாமல் ஊருக்கு உழைப்பதென்று முடிவெடுத்துத் திரும்பியிருந்தேன். வாசகசாலை ஒன்று தொடங்கினேன். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். விமானத்தில் இங்கிலீஷ் பேசவேண்டியிருக்கும் என்ற காரணத்தால் என்னையும் அழைத்துப்போவதென்று முடிவாயிற்று. எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்ற நோய் எனக்கு உண்டு. வாசகசாலையிலிருந்த தேசப்பட நூலைக் கொண்டுவந்து, கூட்டத்தின் நடுவில் விரித்து, கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு ஒரு தையல் நூலைப் பிடித்துக் காட்டினேன்.

"மாமா, ப்ளேனு தெக்கேயும் மேக்கேயுமாச் சாஞ்சு போகுதுங்க. அதனால மலை நமக்கு எடது பக்கமாத்தான் வருமுங்க."

அவர் படத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஏன் மாப்ள, நீ பொள்ளாச்சி பஸ்ஸுல போனதே இல்லியா? ஏறுனதுலிருந்து எறங்கற வரைக்கும் மலை எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கந்தானுங்க. ஆனா அது கெழக்க போற பஸ்ஸுங்க."

"பஸ்ஸு கெழக்க போனா இக்கட்ட, ப்ளேனு மேக்க போனா அக்கட்டன்னு எந்திரிச்சு மாறி நிக்கறதுக்கு மலையென்ன ஆடா மாடா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் மட்டுமே மலையைப் பார்த்தவர்களுக்கு மலை வலப்பக்கத்துப் பொருள். திசையெல்லாம் படித்தவன் கட்டிவிட்ட கதை. அரிசி மில்காரர் ஒருவர், "அதுமில்லாம நல்ல காரியத்துக்குப் போறவங்க பீச்சாங்கைப் பக்கம் போயி உக்காருவாங்களாக்கும்?" என்றார். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. வலப்பக்க ஜன்னலில் இடம் பெறுவதென்று தீர்மானம் நிறைவேறியது. அதை மினிட் புத்தகத்தில் எழுதியவன் நான்தான். தவறென்று தெரிந்தே, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது ஒருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் அவருக்கு இடமில்லை. பிரசிடண்ட் வீட்டு நிலத்தில் பரம்பரையாகக் குத்தகைக்கு உழுதவர். சட்டத்தின் பலத்தில் ஒன்றேகால் ஏக்கருக்குப் பட்டயம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. மற்ற எல்லோருடைய வயலும் குடித்து முடித்த பிறகுதான் தண்ணீர் அவரிடம் வரும். முதல் போகத்தில் அவருக்குக் கிடைத்தது வைக்கோல் மட்டுமே. வீட்டில் ஒரே ஒரு மூட்டை நெல் இருந்தது. சாப்பிட ஐந்து பேர் இருந்தார்கள்.

"தம்பி, அந்த ஒரு மூட்டை விட்டா எங்கூட்டுல நெல்லுங்கறதே இல்லீங்," என்றார். "வெதைச்சுப்போட்டு தண்ணி வரலீன்னா வெதையும் போச்சு, சோறும் போச்சுங்க. வெதைக்காம உட்டு தண்ணி வந்துதுன்னா இந்த வருசமே போச்சுங்க. நீங்க படிச்சவங்க. பாத்துப்போட்டு வந்து வெதைன்னா வெதைக்கறன், திங்கச் சொன்னாத் தின்னுக்கறன். ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

சொல்கிறேன் என்றேன்.

நான்காம் நாள் காலை பீளமேட்டு விமான நிலையத்தில் இருந்தோம். பிரசிடண்ட் கல்யாணத்துக்குப் போகிறவரைப்போல் ஜரிகை வேட்டியில் வந்திருந்தார். இடம் ஒதுக்கும் மேசையில் இருந்தவர் எந்தப் பக்கம் வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமா என்னைப் பார்த்து, "சோத்தாங்கைப் பக்கம், சன்னலு," என்றார். இடப்பக்கம் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். உள்ளே போய் உட்காரும் வரை அவருக்குத் தெரிந்திருக்காது. கமிட்டியின் தீர்மானத்தைக் காரியதரிசியே மீறலாமா, மீறினால் அது ஜனநாயகமாகுமா என்று யோசித்தேன். அந்த உயர்ந்த யோசனை முடிவதற்குள் வலப்பக்கத்து இரண்டு இடங்களுக்கான சீட்டு கைக்கு வந்துவிட்டது.

இருபுறமும் காற்றாடி சுழலும் சிறிய விமானம் அது. உள்ளே நுழைந்ததும் மாமா தோள் துண்டை எடுத்து, முன்னால் நடந்தவரின் தோளுக்கு மேலாக எங்கள் இருக்கையில் வீசினார். அந்த இடத்தின் எண் எங்கள் கையில் இருந்தது. வேறு யாரும் அதைப் பறிக்கப்போவதில்லை. ஆனாலும் துண்டு விழுந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. விமானப் பணிப்பெண் தட்டில் மிட்டாய் கொண்டுவந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு ஐந்தை மடியில் முடிந்துகொண்டார். சம்பந்திக்குப் பதில் சொல்ல அவருக்கு இப்போது சான்று இருந்தது.

விமானம் மேலெழுந்து எல்லையிலிருக்கும் வாளையாற்றைத் தாண்டியதும் அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். எனக்கு அவருடைய பிடரி மட்டுமே தெரிந்தது.

"மாப்ள, அதா பாரு, நம்மூடு. ஓட்டுக் கூரை. பக்கத்துல கெணறு. தென்னை பூராவும் கோலத்துக்குப் புள்ளி வெச்சாப்ல. இத்தனையும் என்னுதா?"

"அணையைப் பாருங்க மாமா."

"இரப்பா. நம்ம ஊட்டைப் பாக்காம அணையை எதுக்குப் பாக்கறது?"

வானத்திலிருந்து ஒருவன் முதலில் தேடுவது தன் சொத்தைத்தான் என்பதை அன்று அறிந்தேன். பரந்து கிடந்த பாலக்காட்டு வயல்களில் பாதி காய்ந்து செம்பழுப்பாகக் கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பச்சையாக இருந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தார், அது அவருடையது. சற்று நேரத்தில் துள்ளி எழப் பார்த்து, இடுப்புப் பட்டை இழுத்து உட்கார்ந்தார்.

"தண்ணி, தண்ணி. நான் சொன்னனல்லொ? கடலாட்டம் கெடக்குது பாரு."

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வடக்கு மலையின் அடிவாரத்தில், தூரத்தில், ஒரு பெரிய நீர்ப்பரப்பு மின்னியது. அது எது என்பதில் எனக்கு ஒரு கணமும் ஐயமில்லை.

"மாமா, அது மலம்புழா அணைங்க. அந்தத் தண்ணி நமக்கு வராதுங்க. நம்ம அணை தெக்கே, அந்தப் பக்கம்."

"மலம்புழாவா? நான் மலம்புழாவுக்குப் போயிருக்கறன். அங்க பூந்தோட்டம் இருக்குது, வாசல்ல கடலைக்காரன் இருக்கறான். இங்க எங்க இருக்குது பூந்தோட்டம்? நீயே காட்டு பாக்கலாம்."

பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து கடலைக்காரனைத் தேடி, அவன் தென்படாததால் அணையின் பெயரையே மாற்றிய அந்த அறிவை ஜன்னலோரத்திலேயே விட்டேன். எழுந்து இடப்பக்கம் போனேன்.

அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பாக்டரியில் டீமேக்கர். தேயிலை வறுக்கும் பொறுப்பு அவருடையது என்று அவரே சொன்னார். காலை வெயில் அந்தப் பக்கமாக அடித்ததால் ஜன்னல் திரையை இழுத்து மூடி, கண்ணையும் மூடியிருந்தார். அணையைப் பார்க்கவேண்டும், ஒரு ஊரின் விவசாயம் அதை நம்பியிருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன்.

"சார், நான் இருபது வருசமா மலையில கெடக்கேன்," என்றார் கண்ணைத் திறக்காமல். "வெடிஞ்சா மலை, அடைஞ்சா மலை. துட்டு குடுத்து ஏறியும் மலையைத்தான் பாக்கணுமாக்கும்? மூஞ்சியில வெயிலு அடிக்கி. செத்தத் தூங்க விடுங்க."

"ஒரே ஒரு நிமிஷம், சார். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும்."

"தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? நீங்க இங்கன இருந்து தொறந்து விடவா போறீக?"

சொன்னது நியாயமாகவே இருந்தது. அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. முனகிக்கொண்டே திரையை ஒரு சாண் விலக்கினார். அவர் மடிக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். முதலில் வெயில், பிறகு மேகம். மேகம் கிழிந்த இடத்தில் மலைமுகட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம் தெரிந்தது. பள்ளத்தைச் சுற்றிலும் அகலமான செம்மண் வளையம். நடுவில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய மோரைப்போல், கொஞ்சம் தண்ணீர். நீர் வற்றும்போது கரை அப்படித்தான் வெளியே தெரியும். பத்து எண்ணுவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. பெல்ட் கட்டச் சொல்லும் விளக்கு எரிந்தது. பணிப்பெண் என்னை இடத்துக்கு அனுப்பினாள். டீமேக்கர் திரையை இழுத்துவிட்டார்.

"மாமா, நம்ம அணையைப் பாத்தனுங்க. அடியில கொஞ்சந்தான் இருக்குதுங்க."

"எத்தனை நேரம் பாத்தே?"

"சித்த நேரந்தானுங்க."

"நான் கால் மணி நேரம் பாத்தன்," என்றார். அதோடு முடிந்தது.

திரும்பும்போதும் விமானத்தில் வந்திருந்தால், அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்த அதே வலப்பக்க ஜன்னலில் மலை தானாக வந்து நின்றிருக்கும். சொல்லிப் பார்த்தேன். பார்த்தாயிற்றே, இன்னும் எதற்கு என்றார். எர்ணாகுளத்தில் பேரன்களுக்குப் பிளாஸ்டிக் விமானங்கள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் அவர், கூட்டத்தில் சொல்லப்போவதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். திருச்சூரில் அரை அணையாக இருந்த தண்ணீர், ஆலத்தூரில் முக்கால் அணையாயிற்று.

மறுநாள் பள்ளிக்கூட வராந்தாவில் ஊரே கூடியிருந்தது. அணை நிறைந்து கிடக்கிறது என்று அவர் அறிவித்தார்.

"மீனு தெரிஞ்சுதுங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"உன்ற வாயி தெரிஞ்சுது. மீனாட்டந்தான் தொறந்து கெடந்துது," என்றார். சிரிப்பு அடங்குவதற்குள், "நான் சொல்றதை நம்பாட்டிப் போகுது. பி.ஏ. படிச்ச என்ற மாப்பிள்ளையைக் கேளுங்க. ரண்டு பேரும் ஒண்ணாத்தான போனம்?" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வராந்தாவுக்குக் கீழே, கூட்டத்தின் ஓரத்தில், கடைமடைக்காரரும் நின்றிருந்தார்.

அந்த அரை நிமிஷத்தில் நான் யோசித்ததையெல்லாம் இன்றும் வரிசையாகச் சொல்லமுடியும். தலைவர் மலம்புழாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொன்னால் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்தால் அவர் கமிட்டியை விட்டுப் போவார். அவரோடு அவர் ஆட்களும் போவார்கள். கமிட்டி உடைந்தால், வாய்க்காலைச் செப்பனிடக் கேட்டு நான் மூன்று மாதமாக எழுதிவந்த மனுவுக்கு மதிப்பிருக்காது. அந்த மனு நிறைவேறினால் கடைமடைக்கும் நிரந்தரமாகத் தண்ணீர் கிடைக்கும். தவிர, நான் பார்த்தது பத்து எண்ணும் நேரம்தான். மழை வந்து அணை நிறையவும் கூடும். இப்படி ஊரின் நன்மையை முழுவதுமாக எடைபோட்டேன். அந்த எடையில் ஒரு மூட்டை நெல் லேசாகத் தெரிந்தது.

"மேகம் அதிகமாக இருந்தது. மாமாதான் ஜன்னலோரம் இருந்தார். அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது," என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படித்தவன் பொய் சொல்வது இப்படித்தான். மாமா கடலைக்காரனைத் தேடியது அறியாமை. அதை நான் இத்தனை காலமாக எள்ளி வந்திருக்கிறேன். என் வாக்கியத்தை எள்ளுவதற்கு அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

கூட்டம் முடிந்ததும் கடைமடைக்காரர் என் அருகில் வந்தார். "அப்ப வெதை உட்டரலாமுங்களா, தம்பி?" என்று கேட்டார்.

"பிரசிடண்ட் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாரே," என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே மூட்டையைப் பிரித்து நெல்லை ஊறப்போட்டார்.

நாற்று நன்றாகவே வந்தது. குளத்தில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடம் குடமாக அவரும் அவர் மனைவியும் சுமந்து ஊற்றினார்கள். புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வரத்தான் செய்தது. ஒரு வாரம் மெலிதாக ஓடி, தலைமடையில் நாலு வயலை நனைத்துவிட்டு நின்றுபோயிற்று. அதற்குமேல் அணையில் இல்லை. ஐப்பசியிலும் மழை இல்லை. பிரசிடண்டின் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் காது அடைத்துக்கொண்டதையும் மிட்டாய் அதைச் சரிசெய்ததையும் அவர் வருவோர் போவோருக்கெல்லாம் விவரித்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்களிடம், நடுவழியில் எவனோ திருப்பிவிட்டான் என்றார், அதையும் நம்பினார்கள்.

நாற்று நடும் பருவம் கடந்து முற்றி, நுனி பழுக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைமடைக்குப் போனேன். அவர் நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி, பிரசிடண்ட் வீட்டு வயலில் கூலிக்கு நட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: மலம்புழாவையும், இடப்பக்கத்துத் திரையையும், செம்மண் வளையத்தையும். ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதற்கான காரணங்களையும் சொல்லத் தொடங்கினேன். மனு என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி. "உங்க கண்ணுல பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

அவள் வீட்டுக்குள் போனாள். அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைத் திருப்பிப் பார்த்தார்.

"கேட்டனேங்க, தம்பி," என்றார். "உங்களைத்தான கேட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் நாற்றங்காலைச் சுற்றியிருந்த முள்வேலியில் ஒரு கட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு ஆடுகளையும் அவிழ்த்து ஓட்டிவந்து உள்ளே விட்டார். அவை பசியோடிருந்தன. ஒரு மூலையிலிருந்து தொடங்கி, தலை தூக்காமல் தின்றுகொண்டே போயின. நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம்.